காசிமேட்டு அல்சரும் மூன்று அமில மருந்துகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 44 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் போடுவது, மீன் கூடை தூக்குவது, வண்டியில் ஏற்றுவது என்று இருபது வருடத்துக்கு மேலாக உடம்பை முறிக்கும் வேலை. வீடு தண்டையார்பேட்டையில். சர்க்கரை, பிரஷர் கிடையாது. நாளுக்கு ஒரு கட்டு பீடி, ஞாயிற்றுக்கிழமை குடி. பிப்ரவரியில் என்னிடம் வருவதற்குப் பத்து நாள் முன்பு மலம் கருப்பாகப் போயிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிறது என்பதன் அடையாளம். பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். எண்டோஸ்கோபி முடிந்து இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டார். ரத்தம் நின்றது, வலி நிற்கவில்லை. அதற்காகத்தான் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.)

வலியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்தேன். "நைட்டு ஒரு மணி, ஒன்றரைக்கு வயித்துல கவ்விப் புடிக்கும் டாக்டரம்மா. ரெண்டு பொறைய டீயில தோய்ச்சுத் துன்னா அடங்கிடும். அப்புறம் ஏலம் முடியற வரைக்கும் ஒண்ணும் தெரியாது." இந்த மூன்று வாக்கியத்தில் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் வலி, நடுராத்திரியில் வலி, எதையாவது தின்றால் அடங்கும் வலி: டியோடினம் என்கிற முன்சிறுகுடலில் புண் இருப்பவர்கள் சொல்லும் வலி இதுதான். இரைப்பைப் புண் இருப்பவருக்குப் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வலி கூடும், அதனால் சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுவார். இவர் பொறையைத் தேடிப் போனார். வேலைக்குக் கிளம்பும் நேரமும் வலி வரும் நேரமும் ஒன்றாகவே இருந்ததால், ஐஸ் குளிரும் வேலை டென்ஷனும்தான் காரணம் என்று பல மாதம் நினைத்திருக்கிறார். இரைப்பையில் அமிலம் தானாகச் சுரந்து உச்சத்துக்குப் போவது இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரைதான். அந்த நேரத்தில் அமிலத்தைத் தடுத்து நிறுத்த வயிற்றில் சோறும் இருப்பதில்லை.

கையோடு கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் கவரை மேசையில் கொட்டச் சொன்னேன். வடசென்னையில் இதைச் செய்யாமல் மருந்து எழுதக் கூடாது என்பது என் கட்சி. கத்தரிக்கோலால் ஐந்தைந்தாக வெட்டிய மாத்திரைப் பட்டைகள். பெயர் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கிவிட்டது. பின்பக்க அலுமினியத் தாளில் மிச்சமிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்ததில், ஒன்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் 150. இன்னொன்று அமில மருந்தான பான்டோபிரசோலும் வாந்தி மருந்தான டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல், ஊரே "பான் டி" என்று கேட்டு வாங்குவது. மூன்றாவது டைக்ளோஃபெனாக், வயிற்றில் புண்ணை உண்டாக்கக்கூடிய வலிமாத்திரை. எட்டு மாதமாக முதுகுவலிக்கு, கனம் தூக்கும் நாளில் இரண்டு. நான்காவதாக மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த பான்டோபிரசோல் 40 மி.கி. அதில் சில மாத்திரைகள் பாதியாக உடைந்து கிடந்தன. மஞ்சள் பூச்சுக்குள் வெள்ளைப் பொடி தெரிந்தது. "பாதி போதும்னு தோணுச்சு, காசும் மிச்சம்" என்றார்.

அந்தப் பூச்சு அழகுக்காகப் போட்டதில்லை. பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வகை மருந்துகள் இரைப்பை அமிலத்தில் பட்டால் அங்கேயே சிதைந்து போகும். சிறுகுடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் மேலே பூச்சு. உடைத்தால் மருந்தின் பெரும்பகுதி வேலைக்கு வருமுன்னே போய்விடும். ஆக, ரத்தம் கசிந்த புண்ணுக்கு வீடு திரும்பியதிலிருந்து அவருக்குக் கிடைத்தது பேருக்கு ஒரு சிகிச்சை.

எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "சாப்ட்டு முடிச்சிட்டு, வலி இருந்தா" என்றார். இந்த பதிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பரிசோதனையும் அறிக்கையும்

நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் 118/76, எழுந்து நின்றாலும் இறங்கவில்லை. கண் இமைக்குள் வெளிறியிருந்தது. மேல் வயிற்றின் நடுவில் அழுத்தினால் லேசான வலி. ஹீமோகுளோபின் 8.9, ரத்தசோகை. எண்டோஸ்கோபி அறிக்கையில் முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில், பின்சுவரில், 9 மி.மீ. புண். அடிப்பகுதி சுத்தம், ரத்தக்குழாய் தெரியவில்லை, கட்டியில்லை. ஃபாரஸ்ட் வகைப்பாட்டில் மூன்றாம் நிலை, அதாவது மறுபடி ரத்தம் கசியும் வாய்ப்பு குறைவான நிலை. பின்சுவரில் இருந்ததால் எனக்குச் சற்றுக் கவலை. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

அறிக்கையின் கடைசி வரி: "ரேபிட் யூரியேஸ் சோதனை: நெகட்டிவ்." இத்தகைய புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இல்லை என்று பொருள். அப்படியானால் டைக்ளோஃபெனாக் மட்டுமே காரணம், அதை நிறுத்தினால் போதும். பார்க்க எளிமையாக இருந்தது. நான் நம்பவில்லை.

இந்தச் சோதனை நடக்கும் விதம் இதுதான். எச். பைலோரி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு வாழ்கிறது. இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்கை யூரியா ஜெல்லில் வைத்தால், கிருமி இருக்குமானால் அம்மோனியா உண்டாகி மஞ்சள் நிறம் சிவப்பாகும். ஆனால் பான்டோபிரசோல் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது கிருமியின் எண்ணிக்கை குறைகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே நகர்ந்தும் விடுகிறது. கீழிருந்து மட்டும் கிள்ளினால் எதுவும் சிக்காது. அண்மையில் ரத்தம் கசிந்திருந்தாலும் சோதனை தவறாக நெகட்டிவ் காட்டும். இவருக்கு இரண்டும் சேர்ந்திருந்தது: எண்டோஸ்கோபிக்கு முன்பு மூன்று வாரம் கடையில் வாங்கிய பான் டி, அதோடு ரத்தக்கசிவு. கிருமி இல்லை என்று சொல்ல இந்த நெகட்டிவ் போதாது.

இங்கேதான் அமில மருந்துகளின் ஒப்பீடு ஏட்டுப் பாடமாக இல்லாமல் இந்த ஒரு மனிதரின் விஷயமாகிறது. எந்த மாத்திரை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் சுவாரசியமான பதில் கிடைக்காது. புண்ணை ஆற்ற எது, கிருமியைத் தேடும் காலத்தில் எது, கிருமியைக் கொல்லும்போது எது என்று மூன்று தடவை கேட்டால் மூன்று வெவ்வேறு பதில் வரும்.

மருந்துகளின் வரிசை

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று கார்ல் ஷ்வார்ஸ் 1910-இல் சொன்னதிலிருந்து எழுபது ஆண்டுக்கு மேல் எல்லோருடைய கவனமும் அமிலத்தின் மீதே இருந்தது. தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. எவரெஸ்டில் 1924-இல் ஏறிய குழுவில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் அறுவை மருத்துவராக இருந்தவர். இங்கே முன்சிறுகுடல் புண் எவ்வளவு அதிகம் என்பதைக் கண்டு அறுவை மேல் அறுவையாகச் செய்தார். வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன் ஒரு தலைமுறை முன்பு வரை அரசு மருத்துவமனைகளில் அன்றாட வேலை. பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி பக்கம், வயிற்றின் நடுவே நீளத் தழும்போடு நடமாடும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

அமிலத்தைத் தணிக்கும் திரவ மருந்துகளை, அதாவது அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த ஆன்டாசிட்களை, நாம் ஏளனமாகப் பார்க்கிறோம். அதிகமாகக் கொடுத்தால் அவையும் புண்ணை ஆற்றும். 1977-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏழு வேளை, வேளைக்கு 30 மி.லி. ஆன்டாசிட் கொடுத்ததில் நான்கு வாரத்தில் 78% பேருக்கு முன்சிறுகுடல் புண் ஆறியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத திரவம் கொடுத்தவர்களில் 45% பேருக்கு. இந்த 45 என்ற எண்ணை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. எதுவும் கொடுக்காமலே ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறும் நோய் இது. ஆறுவது பெரிய சாதனையில்லை, திரும்பி வராமல் இருப்பதுதான் சாதனை. நாளுக்கு ஏழு வேளை மருந்து குடிப்பது நடைமுறையில் முடியாது என்பது வேறு. மெக்னீசியம் வயிற்றுப்போக்கு தரும், அலுமினியம் மலச்சிக்கல் தரும்.

பிறகு ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெடிடின். 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, பிளாக்குக்கு 1988-இல் நோபல். அதற்கடுத்து 1981-இல் ரானிடிடின், சில வருடத்தில் ஃபாமோடிடின். இவை எச்2 தடுப்பிகள். இரைப்பையின் அமிலச் செல்லுக்கு மூன்று பக்கமிருந்து உத்தரவு வருகிறது: ஹிஸ்டமின், வேகஸ் நரம்பின் அசிடைல்கோலின், காஸ்ட்ரின் ஹார்மோன். மூன்றும் கடைசியில் இயக்குவது அமிலத்தை வெளியேற்றும் ஒரே புரோட்டான் பம்பை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு மூன்று சுவிட்ச் இருப்பதாக வைத்துக்கொண்டால், எச்2 தடுப்பி ஹிஸ்டமின் என்ற ஒரு சுவிட்சை அணைக்கிறது. 1988-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஓமிபிரசோலும் அதன் பின்வந்த லான்சோ, பான்டோ, ரபே, எசோமிபிரசோல்களும் மோட்டாரையே பூட்டிவிடுகின்றன. இவை புரோட்டான் பம்ப் தடுப்பிகள்.

அந்த ஒற்றை சுவிட்ச் ராத்திரி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இரவுச் சுரப்பில் ஹிஸ்டமினின் பங்கு பெரிது. அதனால்தான் ரானிடிடின் 300 மி.கி.யை இரவு ஒரே வேளையாகக் கொடுத்தும் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அல்சரை ஆற்றினார்கள். சாப்பாட்டின்போது எழும் அமிலத்திடம் எச்2 தடுப்பி தோற்றுப்போகும். தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் சாப்பிட்டால் உடம்பு பழகிவிட்டு வீரியமும் குறையும். ஆனால் விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலி குறையும். புரோட்டான் பம்ப் தடுப்பிக்கு முழு வீரியம் வர மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும்.

எண்களில் சொன்னால், எச்2 தடுப்பியில் நான்கு வாரத்தில் 70 முதல் 80% வரை ஆறும், எட்டு வாரத்தில் 90% பக்கம் வரும். பிபிஐ என்று சுருக்கிச் சொல்லும் பம்ப் தடுப்பியில் நான்கு வாரத்திலேயே 90%ஐத் தாண்டும். முன்சிறுகுடல் புண் ஆற இரைப்பையின் பி.எச். (இந்த எண் ஏறினால் அமிலம் குறைவு) நாளில் 18 முதல் 20 மணி நேரம் 3-க்கு மேல் இருந்தால் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிபிஐ அதை எளிதில் எட்டும். இதைவிடக் கூடுதலாக அடக்கினாலும் புண் அதைவிட வேகமாக ஆறாது. ஜப்பானில் 2014-இல் அனுமதி பெற்ற வோனோபிரசான் என்ற புதிய அமில மருந்து இன்னும் வலுவானது, சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கவலையில்லை, இப்போது நம்மூரிலும் கிடைக்கிறது. அதை லான்சோபிரசோலோடு ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வில், ஆறு வாரத்தில் முன்சிறுகுடல் புண் ஆறியது வோனோபிரசானில் 95.5%, லான்சோபிரசோலில் 98.3%. புதியது பழையதற்குக் குறைந்ததில்லை என்பதைக்கூட அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. அதே மருந்தைக் கிருமி ஒழிக்கும் கூட்டு மருந்தில் லான்சோபிரசோலுக்குப் பதிலாகச் சேர்த்தபோதோ, வெற்றி 75.9%இலிருந்து 92.6% ஆனது. புண் ஆறுவதற்கு வீரியம் ஓரளவுக்கு மேல் வேண்டாம், கிருமியைக் கொல்லத்தான் அது வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ரானிடிடின் பற்றி ஒரு வார்த்தை, கவரில் அதுவும் இருந்ததால். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது 2019 செப்டம்பரில் வெளியே வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து அமைப்பு அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. அதே வேலைக்கு ஃபாமோடிடின் இருக்கும்போது ரானிடிடினைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் கட்டம்: புண்ணை ஆற்றுவது

டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தினோம். பான் டியில் இருக்கும் டோம்பெரிடோன் இவருக்குத் தேவையே இல்லை, வாந்தியும் இல்லை, வயிறு காலியாவதில் தாமதமும் இல்லை. அதுவும் போனது. அமில மருந்தை மாற்றவில்லை. அதே பான்டோபிரசோல் 40, உடைக்காமல், நாளுக்கு ஒன்று. மாற்றியது நேரத்தை.

"காலையில் வெறும் வயிற்றில்" என்று சீட்டில் எழுதுவது மருத்துவர்களின் கைப்பழக்கம். நடுராத்திரி ஒரு மணிக்கு எழுகிற மனிதருக்குக் காலை எது? பிபிஐ ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகும். அந்த நேரத்துக்குள் பம்புகள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், இயங்குகிற பம்பை மட்டுமே அது நிரந்தரமாகப் பூட்டும். பம்புகளை எழுப்புவது சாப்பாடு. அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கச் சொல்கிறோம். சாப்பிட்டு முடித்த பிறகு, வலிக்கும்போது மட்டும் விழுங்கினால் மருந்து வரும்போது பம்புகள் ஓய்ந்திருக்கும். இவருடைய நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஒரு மணிக்கு எழுந்து டீ. இரண்டிலிருந்து ஒன்பது வரை ஏலமும் ஏற்றலும், நடுவே டீ, பொறை, சில நாள் வடை. பத்து மணிக்கு வீட்டில் வயிறார முதல் சாப்பாடு. பகலில் தூக்கம். இரவு ஏழரைக்கு இரண்டாவது சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை. அவருக்கு அசல் காலை உணவு பத்து மணிச் சோறுதான். ஆனால் வலி வருவது நடுராத்திரியில். மாத்திரையை மாலை ஏழு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வைத்தோம். "வேல முடிஞ்சு வந்து தான் மாத்திரன்னு நெனச்சேன்" என்றார் கூட வந்திருந்த அவருடைய சம்சாரம். மாத்திரைக்குப் பொறுப்பு அன்றிலிருந்து சம்சாரத்துடையதானது.

ஐந்தாம் நாள் நடுராத்திரி வலி நின்றது என்று தெரிவித்தார்கள். கூடவே இரும்புச்சத்து மாத்திரை, அது மலத்தைக் கருப்பாக்கும் என்ற எச்சரிக்கையோடு. அமிலம் குறைந்தால் இரும்பு உறிஞ்சுவதும் சற்றுக் குறையும், அதனால் ஏற்றம் மெதுவாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பாராசிட்டமால். பீடி பாதியாகக் குறைந்தது, அதற்கு மேல் குறையவில்லை. புகை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்று சொல்லியாயிற்று. தினமும் திட்டி எந்த லாபமும் இல்லை.

எட்டு வாரம் இப்படி. நான்கு வாரம் போதும் என்பது எண்கள் சொல்வது. ரத்தம் கசிந்த, பின்சுவரிலுள்ள புண்ணுக்கு நான் எட்டு வாரம் கொடுப்பேன்.

இரண்டாம் கட்டம்: கிருமியைத் தேடுவது

ஏப்ரல் தொடக்கத்தில் பான்டோபிரசோலை நிறுத்தினோம். கிருமிச் சோதனைக்கு முன்பு பிபிஐ இரண்டு வாரம், ஆன்டிபயாடிக்கும் கிருமியை அடக்கும் பிஸ்மத் உப்பும் நான்கு வாரம் நின்றிருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் பிபிஐயை நிறுத்தினால் அமிலம் பழையபடி எழும், சிலருக்குப் பழையதைவிட வேகமாகவும் எழும். ரத்தம் கசிந்த ஒருவரை எதுவும் இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இங்கேதான் ஒதுக்கி வைத்த எச்2 தடுப்பி தன் இடத்தைப் பிடிக்கிறது. சோதனையை அது பெரிதாகக் கெடுப்பதில்லை, கடைசி ஓரிரு நாள் நிறுத்தினால் போதும். ராத்திரி அமிலத்துக்கு நல்ல மருந்து. உடம்பு பழகி வீரியம் குறைவதற்குள் வேலையும் முடிந்துவிடும். ஃபாமோடிடின் 40 மி.கி., இரவு எட்டரைக்குப் படுக்கும்போது.

மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்படவில்லை. இரைப்பைப் புண்ணாக இருந்திருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். முன்சிறுகுடல் புண்ணில் அந்தக் கவலை மிக அரிது. மலத்தில் கிருமியின் ஆன்டிஜெனை, அதாவது கிருமியின் புரதத் தடயத்தை, தேடும் சோதனை செய்தோம். யூரியா மூச்சுச் சோதனையும் நல்லதுதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, செலவும் கூடுதல். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது வேண்டாம், எப்போதோ வந்து போன கிருமிக்கும் பாசிட்டிவ் காட்டும்.

முடிவு பாசிட்டிவ்.

பிப்ரவரி அறிக்கையை நம்பி விட்டிருந்தால், புண் ஆறியதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம். கிருமியை ஒழிக்காமல் அமில மருந்தில் மட்டும் ஆற்றிய முன்சிறுகுடல் புண், ஒரு வருடத்துக்குள் 60 முதல் 80% பேருக்குத் திரும்பி வருகிறது. கிருமி ஒழிந்தவர்களில் 10%க்கும் குறைவு. எச்2வுக்கும் பிபிஐக்கும் உள்ள வித்தியாசம், பான்டோவுக்கும் ரபேவுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் இந்த எண்களுக்கு முன்னால் சில்லறை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் நோபல் கிடைத்தது. எங்கள் தெருக்களில் மட்டும் இன்னும் "காஸ் மாத்திரை" ராஜ்யம்தான் நடக்கிறது.

மூன்றாம் கட்டம்: கிருமியை ஒழிப்பது

தேதி நல்ல வேளையாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் வேலை பாதிக்குக் கீழ் குறையும், ஃபைபர் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான். நம் நோயாளி மற்ற ஊர்க்காரர்களைப் போல ராத்திரி தூங்கிப் பகலில் விழித்திருக்கும் இரண்டு மாதம். நாளுக்கு நான்கு வேளை மாத்திரை கொடுக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

14 நாள், நான்கு மருந்து: எசோமிபிரசோல் 40 மி.கி. இரண்டு வேளை, கூழ்ம பிஸ்மத் 120 மி.கி. நான்கு வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை. இந்த முறை அமில மருந்தை மாற்றினேன், காரணம் உண்டு. பிபிஐகளின் வீரியத்தை ஓமிபிரசோலை 1 என்று வைத்து அளந்திருக்கிறார்கள். பான்டோபிரசோல் 0.23, லான்சோபிரசோல் 0.9, எசோமிபிரசோல் 1.6, ரபேபிரசோல் 1.82. அந்தக் கணக்கில் பான்டோபிரசோல் 40 மி.கி. என்பது ஓமிபிரசோல் 9 மி.கி.தான். புண்ணை ஆற்ற அது தாராளம். பல ஆன்டிபயாடிக்குகள் அமிலத்தில் வலுவிழப்பதாலும், பி.எச். ஏறும்போது கிருமி பெருகத் தொடங்கி மருந்துக்கு எளிதில் அகப்படுவதாலும், இங்கே அமிலத்தை இன்னும் நன்றாக அடக்க வேண்டும். ரபேபிரசோலும் எனக்குச் சம்மதமே. கிளாரித்ரோமைசின் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டை நான் தவிர்த்தேன், அந்த ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு பெருகிவிட்டது. மெட்ரோனிடசோலுக்கும் நம் நாட்டில் எதிர்ப்பு மிக அதிகம்தான். பிஸ்மத் சேர்த்து 14 நாள் முழுக்கக் கொடுத்தால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடலாம். டெட்ராசைக்ளின் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கடைக்காரர் "டாக்சி தர்றேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இந்த வேலையில் டாக்சிசைக்ளின் அதற்கு ஈடில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் மருந்துச் சீட்டைவிட நீளம். டெட்ராசைக்ளின் பாலில் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சப்படாமல் போகும். நாளுக்குப் பத்து டீ குடிக்கும் மனிதருக்கு இது சின்ன விஷயமில்லை. மாத்திரைக்கு ஒரு மணி முன்பும் இரண்டு மணி பின்பும் பால் டீ கூடாது, வேண்டுமானால் பாலில்லாத கட்டஞ்சாயா. இரும்பும் அதே போல ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த 14 நாள் இரும்பு மாத்திரை நிறுத்தம். மெட்ரோனிடசோல் இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம், ஆக இரண்டு ஞாயிற்றுக்கிழமை டாஸ்மாக் பக்கம் போகக் கூடாது. வாயில் செம்புக் காசு வைத்த ருசி வரும், நாக்கு கருக்கும். வெயிலில் தோல் சிவக்கும், அதனால் வலை சீர்செய்யும் இடத்தில் நிழலில் உட்கார வேண்டும்.

ஒன்பதாம் நாள் இரவு கணவனும் மனைவியும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். மலம் கருப்பு. இரும்பை நிறுத்தினால் நிறம் மாறும் என்று அவருக்குத் தெரியும், நிறுத்தி ஒன்பது நாளாகியும் மாறவில்லை, மறுபடி ரத்தம்தான் என்று முடிவு செய்துவிட்டார். பயப்பட வேண்டிய விஷயத்தில் சரியாகப் பயந்திருக்கிறார். பிஸ்மத்தும் மலத்தைக் கருப்பாக்கும் என்பது சீட்டின் பின்பக்கம் இருந்தது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ரத்தம் கலந்த மலம் பளபளப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நாற்றம் அறையையே நிறைக்கும். பிஸ்மத்தால் வருவது கெட்டியாக, பளபளப்பில்லாமல், சாம்பல் கலந்த கருப்பு. பிப்ரவரியில் போனதையும் இப்போது போவதையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்று சம்சாரம் உடனே சொன்னார். நாடி 78. ஹீமோகுளோபின் 11.2, கோர்ஸ் தொடங்கும்போது 11.1. மாத்திரைகளைத் தொடரச் சொல்லி அனுப்பினேன். அந்த இரவு அவர்கள் வராமல் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தியிருந்தால், பாதியில் விட்ட ஆன்டிபயாடிக்கால் கிருமி இன்னும் முரண்டு பிடித்திருக்கும்.

14 நாள் முடிந்தது. ஒரு வேளை மட்டும் தவறியிருந்தது, ஒரு கல்யாணத்தால்.

அதன் பிறகு

கோர்ஸ் முடிந்ததும் இரும்பு மாத்திரை மறுபடி தொடங்கியது. எசோமிபிரசோலை நிறுத்தி, இரவு ஃபாமோடிடின் மட்டும் வைத்தோம். ஆறு வாரம் கழித்து, தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய பிறகு, மலச் சோதனை. இந்த முறை நெகட்டிவ். சோதனைக்கு முன்பு பிபிஐ இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, பிஸ்மத் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. இந்த நெகட்டிவை நான் நம்புகிறேன். ஹீமோகுளோபின் 13.1. ஃபாமோடிடினும் நிறுத்தம்.

"கையில ஒரு பட்ட இருக்கட்டும்மா, வலி வந்தா போட்டுக்கறேன்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. கிருமி போய், வலிமாத்திரை நின்று, புண் ஆறிய ஒருவருக்கு அமில மருந்து தேவையில்லை. வருடக்கணக்கில் காரணமில்லாமல் பிபிஐ சாப்பிடுபவர்களுக்கு பி12, மெக்னீசியம் குறைவதைப் பார்க்கிறோம். வலி திரும்பினால் கடைக்குப் போகும் முன்பு இங்கே வர வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். மாத்திரை விழுங்கிவிட்டு வந்தால் சோதனை மறுபடி பொய் சொல்லும்.

முதுகு இன்னும் தீரவில்லை. துறைமுகத்தில் ஆள் பேசி, வாரத்தில் சில நாள் கூடை தூக்காமல் ஐஸ் கணக்கு எழுதும் வேலைக்கு மாறியிருக்கிறார். பாராசிட்டமாலும் பிசியோதெரபி பயிற்சிகளும் இப்போதைக்குத் தாங்குகின்றன. ஒரு நாள் அவை போதாமல் டைக்ளோஃபெனாக் வகை மருந்து தவிர்க்க முடியாததாக ஆனால், அது ஓடும் காலம் முழுக்க நாளுக்கு ஒரு பிபிஐ சாப்பாட்டுக்கு முன் கூடவே போக வேண்டும் என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, அதே வரியைச் சம்சாரத்திடம் உள்ள சீட்டின் முன்பக்கத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.